படிவத்தின் மொழி எவருடைய மொழி?

மருதமுனையில் தறி நெய்து பிள்ளைகளை வளர்த்தெடுத்த ஒரு தாய், ஒரு மாலைப் பொழுதில், நான்காக மடித்த தாளொன்றுடன் எமது வாசலுக்கு வந்தார். கணவனை இழந்தவர்களுக்கான உதவிப் பணம் ஒன்றுக்குரிய விண்ணப்பப் படிவம் அது.

"மகன், இதில என்ன கேட்டிரிக்காங்க எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க."

"உங்களுக்கு வாசிக்கத் தெரியும்தானே, மாமி?"

"வாசிச்சன் மகன். நாலு தரம் வாசிச்சிட்டன். விளங்கல்லையே!"

தாளை வாங்கிப் பார்த்தோம். அதன் ஏழாம் பந்தி பின்வருமாறு அமைந்திருந்தது: 'விண்ணப்பதாரியின் வாழ்க்கைத்துணை மரணித்தவராயின், அன்னாரது மரணத்தினை அத்தாட்சிப்படுத்தும் ஆவணத்தின் உண்மைப் பிரதி இத்துடன் இணைக்கப்படுதல் வேண்டும், தவறும்பட்சத்தில் விண்ணப்பம் பரிசீலனைக்கு ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது.'

பல்கலைக்கழகத்திலே தமிழைப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்ற நாமே இதனை இருமுறை வாசிக்க நேர்ந்தது. அந்தத் தாய்க்கோ இதிலுள்ள இரண்டு சொற்கள் ஏற்கெனவே பெருந்துன்பம் விளைத்திருந்தன. 'உண்மைப் பிரதி' என்பதை அவர், பொய்யில்லாத உண்மையான பத்திரம் என்று விளங்கிக்கொண்டார். தமிழ் அறிந்த எவரும் அப்படித்தான் விளங்கிக்கொள்வர். அதனால் முந்திய ஆண்டில், இதே சொற்கள் கொண்ட வேறொரு படிவத்துடன், கையிலிருந்த ஒரே மரணச் சான்றிதழையே இணைத்துக் கொடுத்துவிட்டார். அது திரும்பி வரவில்லை. அதனை மீளப் பெறுவதற்கு இன்னொரு படிவம், ஒரு கட்டணம், இரண்டு பஸ் பயணங்கள், இரண்டு நாள் தறி நின்ற நட்டம். 'உங்கள் கணவர் அல்லது மனைவி இறந்துவிட்டாரா? ஆம் எனில், இறப்புச் சான்றிதழின் போட்டோக் கொப்பி ஒன்றில் சமாதான நீதவானின் ஒப்பம் பெற்று இணையுங்கள்' என்று எழுதியிருந்தால் அவர் எம்மிடம் வந்திருக்கவே வேண்டியதில்லை. அந்தச் சான்றிதழும் அவரது பெட்டியிலேயே இருந்திருக்கும்.

இவர் எழுத்தறிவற்றவர் அல்லர். குர்ஆன் ஓதத் தெரிந்தவர். பிள்ளைகளின் தமிழ்ப் பாடநூல்களை வாசித்துக் கதை சொன்னவர். நூற்கணக்கைத் தவறின்றி எழுதி வைப்பவர். குற்றம் அவரது கண்ணிலுமில்லை, அறிவிலுமில்லை. குற்றம் தாளிலே இருக்கிறது. அந்தத் தாளின் மொழி எவருடைய மொழி என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

*

இந்த நாட்டிலே தமிழில் ஒரு படிவம் பெறுவதென்பது இலகுவாக வந்த உரிமையன்று. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1958இல் தமிழுக்கென விசேட ஏற்பாடுகள் கொண்ட சட்டம் வந்தது. அதனைச் செயற்படுத்தும் ஒழுங்குவிதிகள் வருவதற்கு 1966 வரை காத்திருக்க நேர்ந்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு தமிழைத் தேசிய மொழி என்றது. 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. 1988இன் பதினாறாம் திருத்தம் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழே நிருவாக மொழியாகப் பயன்படுத்தப்படல் வேண்டும் எனவும், நாட்டின் எப்பாகத்திலும் ஒருவர் தமிழில் அரசுடன் கருமமாற்றலாம் எனவும் விதித்தது. 1991இல் இவற்றைக் கண்காணிக்க அரசகரும மொழிகள் ஆணைக்குழு சட்டத்தால் அமைக்கப்பட்டது.

இந்த ஆண்டுகளுக்கு இடையே எத்தனை உயிர்கள் மாண்டன, எத்தனை ஊர்கள் எரிந்தன என்பதை வாசகர் அறிவர். அந்த விலை கொடுத்துப் பெற்ற உரிமையின் கடைசிப் பயன், கல்முனைக் கரையின் ஒரு நெசவுத் தாய் ஒரு படிவத்தை எவர் தயவுமின்றித் தானே நிரப்புவதாக அன்றோ இருக்க வேண்டும்? அவ்வாறு இல்லையே! இன்றும் தனிச் சிங்களத்தில் கடிதங்கள் வருகின்றன. அவற்றை எதிர்த்து நாம் குரல் எழுப்புகிறோம்; எழுப்பவே வேண்டும். பெயர்ப்பலகைகளில் தமிழ் சிதைந்து கிடப்பதைப் படம்பிடித்து ஊரெல்லாம் பரப்பிச் சிரிக்கிறோம், சினக்கிறோம். ஆனால் எழுத்துப் பிழை ஒன்றுமில்லாத, இலக்கணம் வழுவாத, ஒருவருக்கும் விளங்காத வாக்கியத்தை எவரும் படம்பிடிப்பதில்லை. அது தமிழில் இருக்கிறது. ஆகவே உரிமை நிறைவேறிவிட்டது என்று எண்ணி அமைதியடைகிறோம்.

இதைவிடக் கசப்பான ஓர் உண்மையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எமது கரையில் அலுவலகங்களைப் பற்றிய போராட்டத்துக்குக் குறைவில்லை. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்த வேண்டுமென 2019 யூன் மாதத்தில் ஒரு பகுதியினர் உண்ணாநோன்பு இருந்தனர். தரமுயர்த்தலாகாதென மறு பகுதியினர் சத்தியாக்கிரகம் இருந்தனர். சாய்ந்தமருது தனக்கெனத் தனிச் சபை கேட்டுப் போராடியது. இவற்றின் நியாய அநியாயங்களை இங்கே ஆராய நாம் முற்படவில்லை. ஒன்றைமட்டும் கேட்கிறோம். தமிழர் சென்றாலும் முஸ்லிம்கள் சென்றாலும் அந்த மேசைகளில் நீட்டப்படுவது அதே தாள்தானே? பாண்டிருப்பில் இருக்கும் மீனவனுக்கு விளங்காத அதே வாக்கியம்தானே நற்பிட்டிமுனையில் இருக்கும் கூலியாளுக்கும் விளங்கவில்லை? அலுவலகத்தின் கதவு எவருக்கு உரியது என்று இரு சாராரும் வீதிக்கு வந்தோம். உள்ளேயிருக்கும் தாள் எவருக்கு விளங்கும் என்று ஒரு சாராரும் கேட்டிலோம்.

*

படிவம் எப்படிப் பிறக்கிறது? பெரும்பாலும் கொழும்பிலே, சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அது வரையப்படுகிறது. வரைபவர் முன்னால் இருப்பது சட்டமும் சுற்றுநிருபமும். மக்கள் அங்கே இல்லை. இறுதியாக, அச்சுக்குப் போகும் அவசரத்தில், அது மொழிபெயர்ப்பாளரிடம் வருகிறது. அவர் கையில் ஒரு சொற்றொகுதி இருக்கிறது. ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல், சிங்கள வாக்கியத்துக்கு அதே வரிசையில் ஒரு தமிழ் வாக்கியம். மூலத்தில் வினை எங்கே ஒளிந்திருந்ததோ அங்கேயே தமிழிலும் ஒளிந்துகொள்கிறது. 'செய்யுங்கள்' என்பது 'செய்யப்படுதல் வேண்டும்' ஆகிறது. 'நீங்கள்' என்னும் சொல் காணாமற் போகிறது. அதன் இடத்தில் 'விண்ணப்பதாரி' என்றொருவர் வந்து அமர்ந்துகொள்கிறார். படிவத்தை நிரப்புகின்ற மனிதனுக்குத் தன்னைத்தான் கேட்கிறார்கள் என்பதே தெரிவதில்லை.

'ஏற்புடையதல்லாததை வெட்டிவிடுக' என்றிருந்ததைக் கண்டு, எமது மாணவன் ஒருவன் கத்தரிக்கோலால் அந்த வரியை அழகாக வெட்டி எடுத்துவிட்டு, ஓட்டையுடன் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினான். வகுப்பறை சிரித்தது. நாம் சிரிக்க முடியவில்லை. அவன் செய்தது தாள் சொன்னதைத்தானே!

இங்கே ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடலாகாது. இது தமிழரையும் முஸ்லிம்களையும் வஞ்சிக்கச் சிங்களவர் செய்த சூழ்ச்சி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் சமஸ்கிருதச் சொற்கள் நிறைந்த சிங்களப் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அரச அலுவலகத்துக்கு வெளியே மர நிழலில் கூலிக்குப் படிவம் நிரப்புபவரைத் தேடிச் செல்லும் சிங்கள விவசாயிகளை அம்பாறையின் உட்பகுதிகளில் நாம் கண்டிருக்கிறோம். அவர்களது அரசகரும மொழி 1956இலேயே அரியணை ஏறிவிட்டது. விவசாயி ஏறவில்லை. மொழிகள் இரண்டு, அடக்குமுறை ஒன்று.

*

விளங்காத சொல் வெறும் சிரமமன்று. அது சொத்தைப் பறிக்கும், பெயரைப் பறிக்கும். இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்வோம்.

முதலாவது, காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள், தமக்குப் பின் அக்காணி எவரைச் சேர வேண்டுமெனப் பெயர் குறிக்கலாம். அதற்குரிய நிரலின் தலைப்பு 'பின்னுரித்தாளர்' என்பதாகும். கல்வியறிவுள்ள எத்தனை பேரிடம் கேட்டாலும் இச்சொல்லுக்கு உடனே பொருள் சொல்வார் அரியர். எனவே பலர் அந்நிரலை வெறுமையாக விட்டுவிட்டனர். வெறுமையாக விட்டால் என்ன நடக்கும் என்று படிவம் சொல்லவில்லை. சட்டத்தின் மூன்றாம் அட்டவணை சொல்லியது: பிள்ளைகளுள் ஆண் முந்துவான், அவருள்ளும் மூத்தவன் முந்துவான். ஆண், பெண் என்னும் இந்த வேறுபாடு நீங்குவதற்கு 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வர வேண்டியிருந்தது.

இனி எமது கரையின் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். தாய்வழிக் குடிமுறை வேரூன்றிய மண் இது. வீடும் வளவும் பெண் மக்களுக்கு என்பது தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான ஊர் வழமை. மகன் மணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போவான். மகள் உம்மாவின் வளவிலே வாழ்வாள். தந்தையின் பெயரில் அனுமதிப்பத்திரம் இருக்கிறது. மகள் அந்த வளவில் கல்வீடு கட்டி முப்பது ஆண்டு வாழ்ந்திருக்கிறாள். தந்தை மரணிக்கிறார். தாய்க்கு ஆயுட்கால அனுபவ உரிமை உண்டு. தாயும் மரணித்தபின், வேற்றூரில் வாழும் மூத்த மகனே அந்த வளவின் உரிமையாளன் என்றது அன்றைய சட்டம். உடன்பிறந்தார் பேசாமற் போன குடும்பங்களை நாம் அறிவோம். 'நீங்கள் இறந்தபின் இந்தக் காணி எவருக்குச் சேர வேண்டும்? பெயரை எழுதுங்கள். எழுதாவிட்டால் உங்கள் மூத்த மகனுக்கே போகும்' என்று மூன்று வாக்கியங்கள் அந்தத் தாளில் இருந்திருந்தால், அக்குடும்பங்களின் தந்தைமார் மகளின் பெயரை எழுதியிருப்பார்கள். ஒரு சொல் விளங்காமையால் ஒரு பெண்ணின் வீடு போயிற்று என்றால் அது மிகைப்படுத்தலன்று.

இரண்டாவது, பெயர். படிவங்கள் பலவும் 'குடும்பப் பெயர்' என்றொன்றைக் கேட்கின்றன. எம்மவரிடையே பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் என ஒன்றில்லை. மீராலெப்பையின் மகன் இஸ்மாயில் என்றால், தந்தையின் பெயர் முன்னே வரும். தன் பெயர் பின்னே வரும். அவ்வளவுதான். இல்லாத ஒன்றைக் கேட்டால் மனிதன் என் செய்வான்? ஒரு படிவத்தில் தந்தையின் பெயரை எழுதுகிறான். இன்னொன்றில் பாட்டனின் பெயரை எழுதுகிறான். மூன்றாவதில் தன் பெயரையே மீண்டும் எழுதுகிறான். இதனோடு முகம்மது, முஹம்மது, முஹம்மத், மொகமட் என்று எழுதுவோர் கைக்கேற்ப மாறும் எழுத்துக்கூட்டலும் சேர்ந்துகொள்கிறது. முடிவில், ஒரே மனிதன் பிறப்புச் சான்றிதழில் ஒருவனாகவும், அடையாள அட்டையில் இன்னொருவனாகவும், பரீட்சைப் பெறுபேற்றில் மூன்றாமவனாகவும் நிற்கிறான். வெளிநாட்டுக்குத் தொழில் தேடிப் போகும் நாளில்தான் அது தெரியவரும். அப்போது, இம்மூவரும் நானே என்று ஒரு சத்தியக் கடதாசி. அதற்கு ஒரு கட்டணம். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னர் அடையாள அட்டைப் படிவங்களை நிரப்புவிக்கும் ஆசிரியர் எவரும் இதனை அறிவர். 'உங்கள் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரை, அங்கே உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள்' என்று ஒரு வரி போதும். பல்லாயிரம் சத்தியக் கடதாசிகள் மிச்சமாகும்.

இவற்றினும் துயரமான ஒரு காட்சியும் எம் நினைவில் இருக்கிறது. 2004 திசம்பர் 26இல் கடல் எழுந்தபோது நாம் பாடசாலை மாணவராயிருந்தோம். இலங்கையின் மாவட்டங்களுள் மிகப் பெரிய உயிரிழப்பு அம்பாறையிலேயே நேர்ந்தது. 10,000 பேருக்கு மேல் மாண்டனர். எஞ்சியோர் பாடசாலைக் கட்டடங்களில் தங்கியிருந்த நாட்களில் படிவங்கள் வந்தன. எழுதத் தெரிந்த பிள்ளைகள் என்று எம்மை அழைத்து நிரப்பச் சொன்னார்கள். 'நிரந்தர வதிவிடம்' என்று ஒரு கட்டம். அதற்கு என்ன எழுதுவது என்று ஒரு முதியவரிடம் கேட்டோம். அவர் கடற்கரைப் பக்கம் கையை நீட்டிவிட்டுப் பேசாதிருந்தார். வீடு இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது. அந்த மணலிலும், வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் எவரும் கட்டலாகாது என்று அப்போது விதி வந்திருந்தது. பின்னரே அது தளர்த்தப்பட்டது. 'கடல் வருமுன் எங்கே இருந்தீர்கள்? இப்போது எங்கே இருக்கிறீர்கள்?' என்று இரண்டு கேள்விகளாகக் கேட்க அரசுக்குத் தோன்றவில்லை. 'நிரந்தரம்' என்ற சொல்லை அந்த முதியவரின் முகத்துக்கு எதிரே வாசித்த வெட்கம் எம்மை விட்டு இன்னும் நீங்கவில்லை.

*

விளங்காத மொழியால் எவருக்கும் பயனில்லை என்று நினைப்பது பேதைமை. பயனில்லாத ஒன்று இத்தனை ஆண்டு நிலைத்திருக்குமா?

முதலில் பயன் பெறுபவர் தரகர். 'பெட்டிசம்' எழுதிக் கொடுக்கும் பழைய தொழில் இன்று வேறு பெயர்களில் நடக்கிறது. நாட்கூலியில் வாழும் குடும்பம் ஒரு தாளை நிரப்புவதற்கு ஒருவேளை உணவின் விலையைக் கொடுக்கிறது. மர நிழலில் இருக்கும் அந்தச் சிறு மனிதரை நாம் குறை சொல்லவில்லை. அவரும் வயிற்றுக்காக வாழ்பவரே. அடுத்துப் பயன் பெறுபவர் அரசியல்வாதி. அவரது இணைப்பாளர் படிவத்தை நிரப்பிக் கொடுக்கிறார். ஒரு தொலைபேசி அழைப்பும் எடுக்கிறார். சட்டப்படி உரித்தான பணம் 'ஐயா செய்து தந்த உதவி' ஆகிவிடுகிறது. தேர்தல் நாளில் அந்த நன்றிக்கடன் அறவிடப்படுகிறது. எளிய மொழியில் ஒரு படிவம் அச்சாகுமானால் எத்தனை வாக்குகள் விடுதலை பெறும் என்று எண்ணிப் பாருங்கள்!

மூன்றாவதாகப் பயன் பெறுவது அதிகாரம் தானே. 'பூரணமற்றது' என்று மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்ட மனிதன் நான்காம் முறை வரமாட்டான். அவன் விண்ணப்பம் நிராகரிக்கப்படவில்லை. அவனே விலகிக்கொண்டான் என்று ஏட்டில் பதியலாம். 2023இல் தொடங்கிய 'அஸ்வெசும' உதவித்திட்டத்தின் தெரிவுகளுக்கு எதிராக நாடெங்கும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் எழுந்தன. அவற்றுக்குக் காரணங்கள் பல உண்டு. ஆயினும் மேன்முறையீட்டுக்கும் ஒரு படிவம் இருந்தது என்பதையும், அதனை நிரப்ப முடியாதவர் எத்தொகையிலும் சேரவில்லை என்பதையும் மறந்துவிடலாகாது.

*

எளிய மொழி என்றதும் இரண்டு ஆட்சேபங்கள் எழும். இரண்டையும் நேரே எதிர்கொள்வோம்.

சட்டத்தின் நுட்பம் கெட்டுவிடும் என்பர் சிலர். 'பின்னுரித்தாளர்' என்ற சொல்லைச் சட்டப் புத்தகத்திலிருந்து அகற்ற வேண்டுமென நாம் கேட்கவில்லை. அச்சொல்லின் கீழே அதன் பொருளைக் கேள்வியாக எழுதுங்கள் என்கிறோம். நுட்பம் வேறு, மூட்டம் வேறு. 'உண்மைப் பிரதி' என்பதற்கு இரண்டு பொருள் கொள்ள முடிந்தது. 'ஒப்பம் பெற்ற போட்டோக் கொப்பி' என்பதற்கு ஒரே பொருள்தான். இவ்விரண்டில் எது நுட்பமானது?

தமிழின் தரம் தாழ்ந்துவிடும் என்பது இரண்டாவது ஆட்சேபம். இது எமக்குப் பழகிய குரல். 1960களின் தொடக்கத்தில், கதைகளிலே மக்களின் பேச்சுமொழி வருவதை 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர் சிலர் பழித்தபோது, கைலாசபதி, சிவத்தம்பி, இளங்கீரன் முதலானோர் முற்போக்கு எழுத்தாளரின் பக்கம் நின்று வாதாடினர். அந்தப் போரிலே மக்களின் மொழி வென்றது. நீலாவணன், நுஃமான் போன்ற இக்கரையின் கவிஞர்கள் பேச்சின் ஓசையைச் செய்யுளுக்குள் கொண்டுவந்தார்கள். இன்று எமது சிறுகதையில் அக்கரைப்பற்று மீனவன் தன் மொழியிலேயே பேசுகிறான். நாம் மகிழ்ந்து பாராட்டுகிறோம், பரிசும் கொடுக்கிறோம். ஆனால் அந்த மீனவன் கதையிலிருந்து எழுந்து அலுவலகத்துக்குப் போனால், பழைய பண்டிதரே அங்கே படிவமாக உட்கார்ந்திருக்கிறார். இலக்கியத்தில் நாம் வென்ற போரை நிருவாகத்தில் நடத்தவே இல்லை. கதையை வாசிப்போர் சில ஆயிரம் பேர். படிவத்தை வாசிப்போர் நாட்டு மக்கள் அனைவரும். முற்போக்கு என்பது எங்கே தொடங்கியிருக்க வேண்டும்?

படிவத்தைக் கல்முனைப் பேச்சுவழக்கில் எழுதுங்கள் என்று எவரும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தாருக்கும் மலையகத்தாருக்கும் மன்னாராருக்கும் எமக்கும் பொதுவான, எழுத்துத் தமிழின் பழகிய சொற்கள் ஏராளம் உண்டு. 'மரணத்தினை அத்தாட்சிப்படுத்தும் ஆவணம்' என்பதைவிட 'இறப்புச் சான்றிதழ்' எந்த வகையில் தரம் குறைந்த தமிழ்? எமக்கு மிக அருகே, காரைதீவிலே 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கியவர். விஞ்ஞானத்தைத் தமிழ் மாணவன் தன் மொழியிலே விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதே அம்முயற்சியின் குறிக்கோள். கலைச்சொல் விளங்குவதற்காகப் பிறந்தது. விளங்காமல் இருப்பதற்கு அதனைக் கேடயமாகப் பிடிப்போர் விபுலாநந்தரின் வழிவந்தவர் அல்லர்.

*

இந்த நோய் எமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று, மருந்தும் அறியப்படாததன்று. ஆங்கிலேய அரசின் நிதித் திணைக்களம் கேட்டுக்கொண்டதற்கிணங்க, ஏனஸ்ற் கவர்ஸ் என்னும் மூத்த அதிகாரி, எளிய சொற்களைக் கையாளுமாறு அரச ஊழியர்க்கு வழிகாட்டும் நூலொன்றை 1948இல் எழுதினார். அந்நூல் அதிகாரியிடமிருந்து வந்தது. உண்மையான அசைவு மக்களிடமிருந்து வந்தது. 1979இல் கிறிஸ்ஸி மாகர் என்ற லிவர்ப்பூல் பெண், பதின்ம வயது வரை வாசிக்கத் தெரியாதிருந்த உழைப்பாளிக் குடும்பத்துப் பெண், இலண்டன் நாடாளுமன்றத்தின் எதிரே அரச படிவங்களைத் துண்டு துண்டாக்கினார். அன்றிலிருந்து அந்நாட்டில் படிவங்கள் மாறத் தொடங்கின. சுவீடன் 2009இல் இயற்றிய மொழிச் சட்டம், அரசின் மொழி எளிமையாகவும் விளங்கக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும் என்கிறது. ஐக்கிய அமெரிக்கா 2010இலும் நியூசிலாந்து 2022இலும் எளிய மொழிக்கெனச் சட்டம் செய்தன. 2023இல் சர்வதேசத் தரநிர்ணய நிறுவனமே எளிய மொழிக்கு ஒரு தரத்தை வகுத்துவிட்டது. தேவையானதை வாசகர் கண்டுபிடிக்க வேண்டும். கண்டதை விளங்கிக்கொள்ள வேண்டும். விளங்கியதைப் பயன்படுத்த வேண்டும் என்பதே அதன் சாரம். எமது அரசியலமைப்போ எந்த மொழியில் என்று சொல்கிறது. எத்தகைய மொழியில் என்று சொல்லவில்லை. அந்தக் குறையை நிரப்பும்படி கேட்பது மொழியுரிமைப் போராட்டத்தின் அடுத்த படியாகும்.

நாம் கேட்பவை பெரியவை அல்ல. படிவம் வாசகரை 'நீங்கள்' என்று விளிக்கட்டும். ஒரு வாக்கியம் ஒன்றையே கேட்கட்டும். என்னென்ன பத்திரங்கள் வேண்டும் என்பதை முதற்பக்கத்தின் தலையிலேயே வரிசையாக எழுதட்டும். ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டால் என்ன விளையும் என்பதை அந்த இடத்திலேயே சொல்லட்டும். தமிழ்ப் படிவம் கடைசி நேர மொழிபெயர்ப்பாக அன்றி, முதலிலிருந்தே தமிழில் வரையப்படட்டும். அச்சுக்குப் போகுமுன் பத்து மனிதரிடம் கொடுத்து நிரப்பச் சொல்லட்டும்: சம்மாந்துறையில் ஒரு விவசாயி, நிந்தவூரில் ஒரு மீனவர், திருக்கோவிலில் ஒரு தாய். அவர்கள் தடுமாறும் இடமே திருத்த வேண்டிய இடம். ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம் எமக்கு இருக்கிறது. அதன் கலைப்பீட மாணவர்க்கு இதைவிடப் பயனுள்ள ஆய்வுப் பொருள் வேறென்ன?

ஆனால் அரசைக் கேட்குமுன் எம்மை நாமே கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம். அந்தச் சொற்றொகுதிகளை ஆக்கியோர் எவர்? மொழிபெயர்ப்பாளராக அமர்ந்திருப்போர் எவர்? எம்மைப் போன்ற தமிழ்ப் பட்டதாரிகளே. பாடசாலையில் விண்ணப்பக் கடிதம் எழுதக் கற்பிக்கும்போது, 'தாழ்மையுடன் அறியத்தருவது யாதெனில்' என்று தொடங்கும் மாணவனுக்கு நாமே புள்ளி கொடுக்கிறோம். 'எனக்கு இது தேவை. காரணம் இது' என்று நேரே எழுதிய மாணவனின் தாளில் சிவப்புக் கோடு இழுத்ததும் நாமே. நாளை அலுவலகத்தில் அமரப்போகும் எழுதுவினைஞனை இன்று வகுப்பறையில் உருவாக்குவது எமது கைதான்.

ஆகையால் தொடக்கத்தை எமது மேசையிலிருந்தே செய்வோம். எமது வகுப்பிலே, ஒரு தவணைக்கு ஓர் அரச படிவத்தை எடுத்து, மாணவரைக் கொண்டு எளிய தமிழில் திருப்பி எழுதுவித்து வருகிறோம். முதலாவதாக எடுத்தது அந்த நெசவுத் தாய் கொண்டுவந்த படிவம். மாணவர் அதனை வீட்டுக்குக் கொண்டுபோய் உம்மாமாரிடமும் மூத்தம்மாமாரிடமும் வாசித்துக் காட்டி, விளங்காத சொற்களைக் கோடிட்டு வந்தனர். மூன்று பக்கப் படிவம் ஒன்றரைப் பக்கமாயிற்று. கேட்கப்பட்ட விபரம் ஒன்றுகூடக் குறையவில்லை. பழையதையும் புதியதையும் சேர்த்து உரிய அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். மறுமொழி வராவிடில் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுவோம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், இப்படிவத்தை வரைந்த முறை யாது, எவரிடம் கொடுத்துச் சோதித்தீர்கள் என்று கேட்போம். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல அச்சட்டம் அலுவலகத்தைக் கட்டுப்படுத்துகிறது.

இதனை வாசிக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் வகுப்பில் ஒரு படிவத்தை எடுத்துக்கொள்வாராயின், ஓராண்டில் அரசின் மேசையிலே எத்தனை திருத்திய தாள்கள் குவியும்! அவற்றை ஏற்காதிருக்க அரசு காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் காரணத்தையாவது விளங்கும் தமிழில் சொல்லும்படி கேட்போம்.

திருத்திய படிவத்தை அந்தத் தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். தறியில் இருந்தபடியே வாசித்தார். முடித்துவிட்டு, "இதத்தான் அவங்க கேட்டாங்களா மகன்?" என்றார். "ஓம் மாமி" என்றோம். "அப்ப இப்பிடியே கேட்டிரிக்கலாமே!" என்று சொல்லிவிட்டு மீண்டும் நாடாவைக் கையில் எடுத்தார்.

அந்தக் கேள்விக்கு அரசிடம் விடை இல்லை. தமிழ் கற்ற எம்மிடமாவது இருக்கிறதா?